பொது ஃபோல்டர்

அந்தக் கம்பெனியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாட்ச்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். பொம்பளைக்கு இப்படியும் ஒரு பேரா என்று புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரம் விழிப்பார்கள். அடுத்த வாரம் அவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மென்பொருளுக்கு யார் என்ன கோட் எழுதினாலும் அது அவள் கண்ணில் பட்டு, அவள் தலையாட்டினால்தான் உள்ளே போகும். "எங்கேருந்து எடுத்தே? லைசென்ஸ் என்ன? எந்த ஃபோல்டர்ல போடப்போறே?" இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் அவளைத் தாண்டினவன் கிடையாது. முதலாளியையே ஒரு தடவை வாசலில் நிறுத்தினவள் அவள்.

அப்படிப்பட்டவள்தான் இன்று மீட்டிங் அறையில் குளிர் ஜன்னி வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்த ஃபோல்டர் விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இவள் எதற்கு இப்படிச் சாகிறாள் என்று உங்களுக்கு எரிச்சல் வரும்.

கம்பெனி செய்வது பேக்கப் மென்பொருள். ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ கடையோ, கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் தினமும் நகல் எடுத்து வைக்கும். ஒருநாள் மெஷின் மண்டையைப் போட்டால் நகலிலிருந்து எல்லாவற்றையும் திருப்பி எடுக்கலாம். கோட் முழுவதும் இணையத்தில் ஊர் பார்க்கத் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் பார்க்கலாம் என்பதாலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. உள்ளே இரண்டு ஃபோல்டர் உண்டு. ஒன்று பொது. அதில் இருப்பதை எவரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்று வயிறும் வளர்க்கலாம். இன்னொன்று சந்தா. அதில் இருப்பதைப் படிக்கலாம், கற்றுக்கொள்ளலாம், குறைகூடச் சொல்லலாம். சந்தா கட்டாமல் தொழிலுக்குப் பயன்படுத்தினால் மட்டும் வக்கீல் வருவார். கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் பொம்மை மாதிரி.

கம்பெனிக்குச் சோறு போடுவது சந்தா ஃபோல்டரில் இருந்த ஒரே ஒரு ஃபைல். ஃபாஸ்ட் ரெஸ்டோர், அதாவது நகலிலிருந்து வேகமாகத் திருப்பி எடுப்பது. பொதுவில் இருக்கும் ரெஸ்டோர் ஆடி அசைந்து ஒரு பகல் முழுக்கச் செய்வதை இது டீ ஆறுவதற்குள் செய்துவிடும்.

வேறு இடங்களில் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் அதற்கான லைசென்ஸை எழுதிவைப்பார்கள். இங்கே அந்த வழக்கம் இல்லை. கம்பெனி ஒற்றை அறையில் நடந்த காலத்தில், "தலைக்குத் தலை எழுதிக்கிட்டிருக்க யாருக்கு நேரம் இருக்கு, எந்த ஃபோல்டர்ல இருக்கோ அந்த லைசென்ஸ்" என்று முதலாளி சொன்னார். அதோடு சரி. ஃபைல் இடம் மாறினால் லைசென்ஸும் மாறிவிடும். பொது ஃபோல்டரில் இருந்தபடி ஒரு வெர்ஷன், அதாவது ஒரு பதிப்பு, வெளியே போய்விட்டால் போனது போனதுதான். அடுத்த வெர்ஷனில் ஃபைலைத் திரும்ப உள்ளே இழுத்து வைக்கலாம். ஆனால் அந்த வெர்ஷனை எடுத்தவனிடம் போய்க் கொடுத்ததைக் கொடு என்று கேட்க முடியாது. இதையெல்லாம் புதியவர்களுக்குப் பாடம் எடுப்பவளே அவள்தான்.

மீட்டிங் அறைச் சுவரில் முதலாளி ஒரு வெப்சைட்டைப் பெரிதாகப் போட்டுக் காட்டினார். பளபளப்பு ஒன்றுமில்லாத ஒரு பக்கம்.

"ரெண்டே பேர். ஒரு அண்ணனும் தங்கச்சியும். ஏதோ ஒரு மாடி ரூம்ல உக்காந்துக்கிட்டு சின்னச் சின்ன கிளினிக்குக்கெல்லாம் நம்ம ஃபாஸ்ட் ரெஸ்டோரைப் போட்டுக் குடுத்துக்கிட்டிருக்காங்க. ஒரு சந்தா கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது."

"நோட்டீஸ் போயாச்சு" என்றாள் வக்கீலம்மா. அவள் கம்பெனிக்கு வாரத்தில் ஒருநாள் வருகிறவள். "திருடினோம்னு ஒத்துக்கிட்டு, எல்லாத்தையும் அழிச்சுட்டு, கடையை மூடிட்டா விட்டுடுவோம். இல்லேன்னா கோர்ட்."

"என்ன சொல்றாங்களாம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"பொது ஃபோல்டர்ல இருந்துச்சாம். அதனால எடுத்தாங்களாம்" என்றாள் வக்கீலம்மா.

அறையே சிரித்தது. வாட்ச்மேனும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தப் பக்கத்தின் அடியில் பார்த்தாள். பொடி எழுத்தில், எந்த வெர்ஷனிலிருந்து எடுத்தார்கள் என்று நேர்மையாகப் போட்டிருந்தார்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அந்த ஒரு வெர்ஷனில் அந்த ஃபைல் பொது ஃபோல்டரில்தான் இருந்தது. அங்கே வைத்தவள் இவள்.

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். ஃபோல்டர்களைச் சுத்தம் செய்கிறேன் என்று அவளே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. பொதுவில் இருந்த ஏதோ ஒன்று சந்தாவில் இருந்த இந்த ஃபைலைத் தேடிப்போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அதனால் சோதனைகள் எல்லாம் தோல்வி என்று சிவப்பாக விழுந்தன. அன்று மாலை வெர்ஷன் வெளியே போயாக வேண்டும். அந்த நேரம் பார்த்து மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன், பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது என்று. இப்போதைக்கு இங்கே இருக்கட்டும், அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று ஃபைலைத் தூக்கிப் பொதுவில் வைத்தாள். எல்லாம் பச்சையாகிவிட்டது. அவள் மாற்றத்தை இன்னொருவர் பார்த்து ஓகே சொல்ல வேண்டும் என்பது விதி. பக்கத்து சீட்டு மீசைக்காரர் தலையைக்கூடத் தூக்காமல் ஓகேவை அழுத்தினார். வாட்ச்மேன் செய்ததை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

பாப்பா தேறி, இவள் மறுபடி வேலைக்கு வந்து, அடுத்த வெர்ஷனுக்கு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. சத்தம் காட்டாமல் ஃபைலைத் திருப்பி வைத்தாள். காரணம் என்று கேட்கும் இடத்தில் "இட மாற்றம்" என்று மட்டும் எழுதினாள். அதுவும் பொய் இல்லை, பாருங்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வெர்ஷன் போகும்போதும் நெஞ்சு திக்கென்று ஒருமுறை அடித்துக்கொள்ளும். போகப் போக அதுவும் அடங்கியிருந்தது.

மீட்டிங் முடிந்து சீட்டுக்கு வந்தால் அடுத்த இடி. கம்பெனியின் கோட் இருக்கும் இடத்திலேயே, யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கிற பொதுப் பக்கம் ஒன்று உண்டு. அதில் அந்தத் தங்கை எழுதியிருந்தாள்.

"வணக்கம். உங்கள் நோட்டீஸ் கிடைத்தது. நாங்கள் எடுத்த வெர்ஷனில் அந்த ஃபைல் பொது ஃபோல்டரில் இருந்தது. எங்களுக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். நாங்கள் திருடவில்லை."

அதற்குக் கீழே வெளியாட்கள் ஆளுக்கொன்று எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் கிண்டல். ஒருத்தர் மட்டும், "சும்மா அடிச்சுக்காதீங்க. வாட்ச்மேன் வந்து சொல்லட்டும். அவங்க சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல" என்று போட்டிருந்தார். அங்கேயும் அவள் பேர் அதுதான். முகம் தெரியாத ஊர் ஆட்கள் வைத்திருந்த மரியாதை அன்றைக்குக் கழுத்தைப் பிடித்து நெரித்தது.

பழைய மாற்றங்கள் ஹிஸ்டரியில் பதிவாகிக் கிடக்கும், யார் வேண்டுமானாலும் தோண்டிப் பார்க்கலாம். எல்லாம் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான மாற்றங்களுக்குள் "இட மாற்றம்" என்ற இரண்டு வார்த்தையை எவன் உட்கார்ந்து தேடுவான்? தேடிவிடுவானோ? அன்று முழுக்க இதே கதைதான். யாராவது பின்னால் நடந்து போனால் ஸ்கிரீனை மாற்றினாள். முதலாளி அறைக் கதவு திறந்தால் மூச்சை அடக்கினாள். டிபன் டப்பாவைத் திறந்து அப்படியே மூடினாள்.

"என்ன வாட்ச்மேன், டயட்டா?" என்றார் மீசைக்காரர்.

"வயிறு சரியில்லை."

அது நிஜம்தான். அந்த ஓகேவில் தன் பேரும் இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் மனுஷன் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். போன வருஷம் ஏணியிலிருந்து விழுந்து முதுகில் அடி. எழுந்து நடக்கிறார், தோசைக்கரண்டி பிடிக்கிறார், பாப்பாவுக்குத் தலை பின்னிவிடுகிறார்; ஏணி மட்டும் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு இவள் ஒருத்தி சம்பளத்தில் ஓடுகிறது. அன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பாப்பாவின் சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஃபோல்டர் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது.

"யாருக்காவது தெரியுமா?"

"தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப வாயைத் திறக்காத."

"அந்தப் பொண்ணு திருடலைங்க. நான் வெச்சதைத்தான் எடுத்துருக்கு."

"நான் இல்லேங்கலை. ஆனா உன் வேலை போச்சுன்னா நாளைக்கு நாம என்ன பண்றது, சொல்லு. நான் ஏணி ஏறட்டுமா?" அவர் குரல் உயரவில்லை. மடித்த சட்டையையே மறுபடி மடித்தார். "எனக்குப் பயமா இருக்கும்மா."

அவர் அப்படி வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. ஏணியிலிருந்து விழுந்த அன்றுகூட ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாளும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தங்கை பொதுப் பக்கத்தில் இன்னொரு முறை எழுதினாள்: "யாராவது பார்த்தீர்களா?" வாட்ச்மேன் அதைப் படித்தாள், மூடினாள், திறந்தாள், மூடினாள். பஸ்ஸில் அது. குளிக்கும்போது அது. பாப்பா வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் அதுதான். பதில் சொல்ல விரல் துடிக்கும். உடனே சம்பளம் வராத மாசம் கண்முன்னால் வந்து நிற்கும். இப்படியே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியதும், மறுநாள் காலை பையைக்கூட வைக்காமல் நேரே முதலாளி அறைக்குப் போனாள். காலில் விழுந்தாவது சொல்லிவிடுவது, மன்னிப்பதும் துரத்துவதும் அவர் பாடு.

"சார், அந்த ஃபாஸ்ட் ரெஸ்டோர் விஷயம்." கதவோரமே நின்றாள். "அந்த வெர்ஷன்ல..."

"உக்காரும்மா. தண்ணி குடி." அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "பொதுவுல இருந்துச்சு. நீ வெச்சே. எனக்குத் தெரியும்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்த வெர்ஷன் போன மறுநாளே பாத்தேன். சத்தம் போட்டா நாலு பேருக்குத் தெரிஞ்சு எடுத்துடுவாங்க. நீயே திருப்பி வெச்சுடுவேன்னு தெரியும். வெச்சுட்டே. அதோட விட்டுட்டேன்."

இரண்டு வருஷம். திக் திக் என்று ஒவ்வொரு வெர்ஷனுக்கும் செத்துப் பிழைத்த இரண்டு வருஷமும் இந்த மனுஷன் எல்லாம் தெரிந்தே "நல்லா இருக்கியாம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு இப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

"அப்ப அவங்க எடுத்தது சரிதானே சார். எதுக்கு நோட்டீஸ்?"

"சரின்னு நாம சொல்லிட்டா, நாளைக்கு ஊர்ல இருக்கறவன் பூரா அந்த வெர்ஷனைத் தேடி எடுத்துக் கடை போடுவான். அப்புறம் நமக்கு எவன் சந்தா கட்டுவான்? வெளியே பாரு, எத்தனை குடும்பம் உக்காந்திருக்கு." அவர் கண்ணாடி வழியே காட்டினார். அங்கே மீசைக்காரர் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு கேக்குதுல்ல, அதுக்கு நீ ஒரே ஒரு வரி பதில் போடணும். அந்த ஃபைல் எப்பவுமே சந்தா ஃபோல்டர்லதான் இருந்துச்சுன்னு. அப்புறம் பழைய ஹிஸ்டரியிலேருந்து அந்த மாத்தத்தைத் துடைச்சுடு. அது உனக்குத்தான் வரும்."

"சார், ஏற்கெனவே எடுத்தவங்க எல்லார்கிட்டயும் பழசு இருக்குமே. நாம விக்கறதே பேக்கப். அழிச்சா அழிஞ்சுடுமா?"

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புத்தான், அதுதான் கொடுமை. "யாரும் பாக்க மாட்டாங்கம்மா. எவனாவது பாத்தாலும், அவன் சொல்றதை நம்புவாங்களா, நீ சொல்றதை நம்புவாங்களா? வாட்ச்மேனாச்சே."

அவள் எழுந்தாள்.

"போடலேன்னா, கம்பெனி சொத்தைத் தூக்கித் தெருவுல வெச்சது யாருன்னு நான் கேக்க வேண்டியிருக்கும். வக்கீலம்மா கேப்பாங்க. எனக்கு அதுல இஷ்டமில்லை." கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே கேட்டார், "வீட்டுக்காரருக்கு முதுகு இப்ப எப்படி இருக்கு?"

சீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பொதுப் பக்கத்தைத் திறந்தாள். பதில் எழுதும் கட்டத்தில் எழுதினாள்: "அந்த ஃபைல் எப்போதும் சந்தா ஃபோல்டரில்தான் இருந்தது." அழகாக, எழுத்துப் பிழை இல்லாமல் வந்துவிட்டது. பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அழுத்திவிட்டால் இந்த மாசச் சம்பளம் வரும், பாப்பா பள்ளிக்கூடம் போகும், வீட்டுக்காரர் ஏணி ஏற வேண்டாம்.

கை மவுசில் இருந்தது. கண் மட்டும் பக்கத்தில் மேலும் கீழும் ஓடியது. காலையில் இன்னொருவர் எழுதியிருந்தார்: "நானும் அந்த வெர்ஷனைத்தான் என் சின்ன ஸ்கூலுக்கு வெச்சிருக்கேன். வாட்ச்மேன் இல்லைன்னு சொல்லிட்டா எடுத்துடறேன். அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

நம்பிவிடுவார்கள். யாரும் தோண்டமாட்டார்கள், பார்க்கமாட்டார்கள், அவள் ஒரு வரி சொன்னால் அப்படியே நம்பி ஒவ்வொருவராகக் கடையைச் சாத்துவார்கள். பிடிபட்டுவிடுவோம் என்றுதான் இத்தனை நாளும் பயந்தாள். பிடிபடவே மாட்டோம் என்று தெரிந்ததும் அதைவிடப் பெரிய பயம் வந்தது. இன்று ஒரு வரி. அடுத்த தடவை அவர் கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொல்லும்போது இன்னொரு வரி. அப்புறம் அவள் யாரிடம் போய், எங்கேருந்து எடுத்தே என்று கேட்பது?

எழுதியதை அழித்தாள். வேறு எழுதினாள்.

"நீங்கள் சொல்வது சரி. அந்த வெர்ஷனில் அந்த ஃபைல் பொது ஃபோல்டரில் இருந்தது. அங்கே வைத்தது நான். யாரும் சொல்லி வைக்கவில்லை, என் தவறு. அந்த வெர்ஷனை எடுத்தவர்கள் யாரும் திருடர்கள் இல்லை. உங்களுக்கு அதில் முழு உரிமை உண்டு."

பாப்பாவின் முகம் வந்தது. வீட்டுக்காரர் சட்டையை மறுபடி மடித்தது வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழுத்தினாள்.

அந்தப் பக்கத்தில் எது வந்தாலும் கம்பெனியில் எல்லோர் போனிலும் மணி அடிக்கும். அந்த ஏற்பாட்டையும் வைத்தது அவளேதான். டிங். ஓரத்தில் ஒரு டிங். ஜன்னல் பக்கம் வரிசையாக டிங் டிங். தலைகள் குனிந்தன, நிமிர்ந்தன, அவள் பக்கம் திரும்பின. மீசைக்காரர் போனைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். படித்து முடித்தவர் தன் நாற்காலியை அவள் நாற்காலியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

கண்ணாடி அறைக்குள் முதலாளி போனைப் பார்த்தபடி எழுந்து நிற்பது தெரிந்தது. வரட்டும். அந்தப் பெண்ணாவது இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடும் என்று நினைத்தாள். அந்த நினைப்பு ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுபடி டிங். தங்கையின் பதில்.

"ரொம்ப நன்றிக்கா. ஆனா நாங்க நேத்து சாயங்காலமே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டோம். திருடித்தான் எடுத்தோம்னு. எல்லாத்தையும் அழிச்சாச்சு, கிளினிக்குக்கெல்லாம் சொல்லியாச்சு. உங்க பதிலுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தோம். நீங்களே ஒண்ணும் சொல்லலைன்னதும் எங்களுக்கே சந்தேகம் வந்துடுச்சு. நாமதான் தப்பாப் பாத்துட்டோமோன்னு. அண்ணன் ரொம்பப் பயந்துட்டான்."

அவள் அதை முழுசாகப் படித்தாள். நேற்று சாயங்காலம் அவள் பஸ்ஸில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் மூன்று பேர் என்ன ஆவார்கள் என்று கணக்குப் போட்டதில், அந்த மாடி அறையில் இரண்டு பேர் கண்ணால் பார்த்ததையே இல்லை என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

முதலாளி அவள் சீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், அவங்க நேத்தே கையெழுத்துப் போட்டாங்களா?"

"போட்டாங்க."

"காலையில என்கிட்ட சொல்லலையே."

"சொல்லியிருந்தா நீ அங்கேயே அழுதிருப்பே, மத்தவங்களுக்காக நான் கேட்ட வரியைப் போட்டிருக்க மாட்டே. உள்ள வா. பேசணும்."

அவள் எழவில்லை. ஒரே வரியை மூன்று தரம் தப்பாக அடித்து, நாலாவது தரம் சரியாக அடித்தாள்: "எங்கே இருக்கீங்க? இப்பவே கிளம்பி வர்றேன். அந்தக் கையெழுத்து தப்புன்னு நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

முதலாளி குனிந்து அதைப் படிப்பதற்குள் பட்டனை அழுத்தினாள். ஹால் முழுக்க மறுபடி மணி அடித்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.